குடகு மலைக்கு அம்மா ஓட்டிய வண்டி

முதல் நாள். புதன்கிழமை, காலை 5.10.

கரமனையில் எங்கள் தெருவிலிருந்து காரைப் பின்பக்கமாக வெளியே எடுக்கப் பதினோரு நிமிடங்கள் ஆயின. குறுகலான தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள், இருபுறமும் ஸ்கூட்டர்கள். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான் பின்னால் நின்று கை காட்டினேன். பின் இருக்கையில் இருந்த அப்பா, என் கைக்கு நேர் எதிர்த்திசையில் கை காட்டிக்கொண்டிருந்தார். வாசல் தெளிக்க வந்த எதிர்வீட்டு மாமி வாளியோடு நின்றாள்.

“எங்கேடி இத்தனை காலம்பற?”

“குடகுக்கு மாமி. அங்கே புத்த மடமெல்லாம் இருக்கு, பாக்கப் போறோம்.”

“அவ்வளவு தூரம் யாரு ஓட்டறா?”

“நானும் அம்மாவும்.”

மாமி வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி மேலே ஏறி நின்றாள்.

மாமியின் சந்தேகம்தான் இந்தப் பயணத்துக்கே காரணம். அப்பா முப்பத்தொரு வருடம் கார் ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் கண்ணில் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை குறைந்துவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கழக்கூட்டத்தில் மென்பொருள் சோதனைப் பொறியாளர். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வண்டி சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். நேமத்தில் ஒருவர் வாங்கவும் தயாராக இருந்தார்.

அம்மா இந்தி டீச்சர். போன வருடம் ஓய்வு பெற்றவள், எங்கள் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இரண்டாம் முயற்சியில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கையில் அட்டை வந்த அன்று சாப்பிடும்போது, “வண்டியை விக்க வேண்டாம். எனக்கு வேணும்” என்றாள்.

“டவுன்ல யாரு வேணும்னாலும் உருட்டலாம். ஒரு மலையை ஏத்திக் காட்டு, பின்னே பேசலாம்” என்றார் அப்பா.

தெளிவில்லாத ஆசைகளை நிபந்தனைகளாக எழுதுவது என் தொழில். அன்றைக்கே எழுதினேன்: ஒரு மலைச் சாலையை அடியிலிருந்து உச்சி வரை அம்மா ஓட்ட வேண்டும், நடுவில் ஸ்டியரிங் கைமாறக் கூடாது. ஏற்றினால் வண்டி அம்மாவுக்கு. இல்லாவிட்டால், திரும்பி வந்ததும் நேமத்துக்காரருக்கு. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அரை நாளில் போய்வரப் பொன்முடி இருக்கிறதே என்றேன். அம்மா ஏற்கவில்லை. “அங்கே ஏத்தினா, ‘அது நம்ம ஊர் மலையாக்கும், அதுக்கென்ன’ன்னு சொல்லிடுவார். நன்னா தூரத்துல ஒரு மலையைப் பாரு.” இன்னொரு காரணமும் வைத்திருந்தாள். ஏழாம் வகுப்பு இந்தியில் பௌத்த மடம் பற்றி ஒரு பாடம் இருந்ததாம். “ஒரு மடத்தையும் கண்ணால பாக்காம இருபது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கேன். குழந்தைகள் ஒண்ணும் கேக்காததால தப்பிச்சேன்.”

எம்.சி. ரோடு வழியாகத் திருச்சூர், 283 கிலோமீட்டர். கிளிமானூர், கொட்டாரக்கரை, கோட்டயம், மூவாற்றுப்புழை. தெருவைத் தாண்டியதும் முழுக்க நானே ஓட்டினேன். செங்கன்னூர் தாண்டி ஒரு மரத்தடியில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். பிற்பகல் 2.20க்குத் திருச்சூரில் அறை எடுத்தோம். என் பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பொருள்களில் மறந்தது ஒன்றுதான்: அப்பாவின் சீப்பு.

இரண்டாம் நாள். மதியம் 12.40, அடிவாரம்.

வயநாட்டுக்கு ஏறும் தாமரசேரிச் சுரம் தொடங்கும் இடத்துக்குப் பெயரே அடிவாரம்தான். மேலே லக்கிடி வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. டீ பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி பதினைந்து. அம்மா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பதைப் பார்த்த டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்தார்.

“சேச்சியாணோ ஓடிக்குன்னது? பதுக்கே போயா மதி, கேட்டோ.”

அக்காவா ஓட்டுகிறார், மெதுவாகப் போனால் போதும் என்கிறார். அம்மா தலையாட்டினாள். முன்னால் அவள் பக்கத்தில் நான், பின்னால் அப்பா. முதல் மூன்று வளைவுகள் அழகாகப் போயின. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் மரங்களின் உச்சிகள் நம் காலுக்குக் கீழே. குரங்குகள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, வருகிற வண்டிகளை அதிகாரிகள் போலப் பார்த்தன.

ஐந்தாவது வளைவில் முன்னால் போன லாரி நின்றது. அம்மாவும் நின்றாள். பின்னாலிருந்து அப்பா தொடங்கினார்.

“பிரேக்கை விடாதே. கிளட்ச், கிளட்ச்! அங்கே என்ன வர்றது? ஜீப்பா, பஸ்ஸா? கோமதி, இடது பக்கம் பாரு!”

“பாத்துண்டுதான் இருக்கேன்.”

“பாக்கலை நீ! ஹேண்ட் பிரேக்! ஐயோ, பின்னாடி போறது!”

லாரி நகர்ந்தது. எங்கள் வண்டி ஓரடி பின்னால் உருண்டு அணைந்தது. மறுபடி கிளப்பினாள், அணைந்தது. மூன்றாம் முறையும். பின்னால் வரிசை நீண்டு, ஹாரன்கள் பாறையில் மோதித் திரும்பின. அம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், கதவைத் திறந்து இறங்கினாள், வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“நீ எடு.”

மிச்ச நான்கு வளைவுகளை நான் ஏற்றினேன். லக்கிடியில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. அப்பா மூன்று கப் சுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். “போறது விடு” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று இரவு கல்பற்றா லாட்ஜில் என் குறிப்பேட்டில் எழுதினேன்: முயற்சி ஒன்று, தோல்வி. எத்தனை முயற்சி என்று நிபந்தனையில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை தோற்றால் முதலில் சோதனைச் சூழலைச் சரிபார்ப்போம். ஆகவே அடுத்த வரி: பின் இருக்கைச் சத்தம்.

மூன்றாம் நாள். காலை 7.30.

கல்பற்றாவிலிருந்து மானந்தவாடி, தோல்பெட்டி வழியாகக் குட்டா. தோல்பெட்டிக் காட்டில் புள்ளிமான்கள் மட்டும் கண்ணில் பட்டன. யானைக்காக மூன்று பேரும் மூன்று ஜன்னல்களில் காத்திருந்தோம். அது வரவில்லை. எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் நுழைந்ததும் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. நிழல் மரங்களில் மிளகுக் கொடி, கீழே சிவக்கத் தொடங்கிய காப்பிப் பழம்.

10.15க்கு இருப்பு அருவி. நுழைவுச் சீட்டு ஆளுக்கு ஐம்பது ரூபாய். அருவியின் அடிவாரத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. லட்சுமணன் அம்பெய்து வரவழைத்த தண்ணீர் என்று கதை. கோயிலைக் கண்டதும் அப்பாவுக்கு முதுகு நிமிர்ந்தது. எந்த ஊர்க் கோயிலானாலும் எந்தப் பக்கம் நுழைய வேண்டும், எங்கே நமஸ்கரிக்க வேண்டும், எங்கே கூடாது என்று அவருக்குத் தெரியும். எங்களை வரிசையில் நிறுத்தி, தீர்த்தம் வாங்கும்போது புடவைத் தலைப்பை இழுத்துக்கொள்ளச் சொல்லி, எல்லாம் நடத்திவைத்தார்.

அங்கிருந்து காட்டு வழியில் படிகள். அருவி இரண்டு தட்டுகளாக விழுகிறது. நவம்பரில் மழை விட்டிருந்தாலும் தண்ணீர் நிறைய இருந்தது. சாரல் முகத்தில் பட்டதும் அம்மா முதல் நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கிவிட்டாள்.

“வழுக்கும்டீ!” என்றார் அப்பா.

“வழுக்கட்டும். இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்.”

கோணிகொப்பல், சித்தாபுரம் வழியாக மாலை 4.10க்குக் குசால்நகர். அறை ஆயிரத்து நானூறு ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் பைலகுப்பே, திபெத்திய அகதிகளின் முகாம்கள் உள்ள ஊர். சோளக் கொல்லைகளுக்கு நடுவே திடீரென்று வேறொரு நாடு தொடங்குகிறது. கம்பத்துக்குக் கம்பம் ஐந்து நிறக் கொடிகள், அரக்கு அங்கியில் ஸ்கூட்டர் ஓட்டும் பிக்குகள், திபெத்திய எழுத்தில் கடைப் பெயர்கள். எல்லோரும் தங்கக் கோயில் என்று அழைக்கும் பெரிய கோயிலில் மூன்று பொன்னிறச் சிலைகள். நாற்பது அடி உயரம் என்றார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். “பாடத்துல இருந்த படம் கறுப்பு வெள்ளை. இவ்வளவு சிவப்பும் மஞ்சளும் இருக்கும்னு எனக்கே தெரியாது” என்றாள். இரவு திபெத்திய ரொட்டி வாங்கி, வீட்டுப் புளிக்காய்ச்சலைத் தொட்டுச் சாப்பிட்டோம். பரிந்துரைக்கிறேன்.

நான்காம் நாள். காலை 7.00.

பெரிய கோயிலில் கூட்டம் அதிகம் என்று லாட்ஜ்காரர் ஒரு சிறிய மடத்துக்கு வழி சொன்னார். முகாம்களைத் தாண்டி, மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர். உள்ளே யாரும் இல்லை. மர மேடையில் ஒரு புத்தர், வெண்ணெய் விளக்குகள், அவற்றின் முன் ஏழு பித்தளைக் கிண்ணங்கள் ஒரே கோட்டில். ஏழிலும் நிறையத் தெளிந்த தண்ணீர்.

அப்பா பிரதட்சிணம் செய்தார், நமஸ்கரித்தார், குருக்களைத் தேடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வெகு இயல்பாக இடமிருந்து இரண்டாவது கிண்ணத்தை எடுத்து, வலது உள்ளங்கையில் சாய்த்து, மூன்று முறை உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“வாங்கோ, தீர்த்தம்.”

அம்மா தலைப்பை இழுத்துக்கொண்டு கை நீட்டினாள். நானும் நீட்டினேன். மூன்று பேரும் குடித்து முடித்தபோது, பக்கவாட்டுக் கதவருகே துடைப்பத்தோடு நின்றிருந்த ஐம்பது வயது பிக்குவைப் பார்த்தோம். அவர் எங்களை நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

அவர் இந்தியில் சொல்ல, அம்மா மொழிபெயர்த்தாள். அது குடிப்பதற்கான தண்ணீர் இல்லை. தினமும் காலையில் ஏழு கிண்ணங்களையும் நிரப்பிப் புத்தருக்குப் படைப்பார்கள். மாலையில் கொட்டிக் கவிழ்த்துவிடுவார்கள். பக்தர்கள் யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பொருள் உண்டு. அவர் விரல் விட்டு எண்ணினார்: அர்கம், பாத்யம், புஷ்பம், தூபம்...

அப்பாவின் முகம் மலர்ந்தது. “அடடா, நம்ம பூஜையில சொல்றதேதான். இவாளும் அதையேதான் பண்றா!” பிறகு அவர் குரல் இறங்கியது. “ரெண்டாவது பாத்யமா?”

“ஆமா. கால் அலம்பிக்கக் குடுக்கற ஜலம்” என்றாள் அம்மா. “மூணு தரம் குடிச்சேளே. எங்களுக்கும் குடுத்தேளே.”

“பகவானோட கால்தானே” என்றார் அப்பா. காதுகள் சிவந்திருந்தன.

என்ன பரிகாரம் என்று கேட்கச் சொன்னார். பரிகாரம் எல்லாம் இல்லை, ஏழு கிண்ணங்களையும் மறுபடி நிரப்பினால் போதும், நீங்களே செய்யுங்கள் என்றார் பிக்கு. கிண்ணங்களுக்கு நடுவே ஒரு பார்லி மணி அளவு இடைவெளி. விளிம்புக்கு ஒரு பார்லி மணி கீழே தண்ணீர். அப்பா வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தார், செம்பிலிருந்து ஊற்றினார். தலையை ஒவ்வொரு கிண்ணத்தின் பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. ஐந்தாவதும் ஆறாவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

“இடிக்கறது” என்றாள் அம்மா மெதுவாக.

“எங்கே?”

“வலது பக்கம். நீங்க விடுங்கோ, நான் நகத்தறேன்.”

விட்டுவிட்டார்.

பிக்கு எங்களுக்கு உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம். “இது டீ இல்லை, ரசத்தோட ஒண்ணுவிட்ட தம்பி” என்று நான் சொன்னதற்கு அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடியே பேசினார்.

“கோமதி, எனக்குப் பக்கத்துல வர்றது தெரியறதில்லை.”

“தெரியும்.”

“பின்னாடி உக்காந்தா உங்க ரெண்டு பேர் தலையும்தான் தெரியறது. ரெண்டு பக்கமும் சத்தம் மட்டும் வர்றது. லாரியா, பஸ்ஸா, எவ்வளவு கிட்டன்னு பிடிகிடைக்க மாட்டேங்கறது. பேடியா இருக்கு, பயமா வர்றது. அதான் கத்தறேன்.”

அம்மா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தன் கோப்பைக்குள் வைத்தாள். என் குறிப்பேட்டில் பின் இருக்கைச் சத்தம் என்று எழுதியிருந்தேன். சத்தத்தின் காரணத்தை நான் சோதிக்கவே இல்லை. முன் இருக்கையை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டதும் நான்தான்.

“அப்பா, நீங்க முன்னாடி உக்காருங்கோ” என்றேன்.

“சாவி எங்கே?” என்றாள் அம்மா.

காலை 9.20க்குக் குசால்நகரிலிருந்து கிளம்பினோம். மடிக்கேரி முப்பத்தொரு கிலோமீட்டர். சுண்டிகொப்பா வரை சாலை அலையலையாகப் போகிறது. அதற்கு மேல் வளைந்து ஏறுகிறது. பின் இருக்கையிலிருந்து பார்த்தபோது அப்பா சொன்னது சரி என்று தெரிந்தது. இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு சாண் சாலைதான் தெரிகிறது. முன்னால் அப்பாவுக்குக் கண்ணாடி முழுக்கச் சாலை. வாய் ஒன்றிரண்டு முறை திறந்தது, மூடியது. ஒரு இடத்தில் மட்டும் “மூணாவது கியர்” என்றார். அம்மா ஏற்கெனவே மூன்றாவதில்தான் இருந்தாள்.

10.25க்கு மடிக்கேரி. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. ஊர் ஒரு மேட்டிலும் அதன் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. ஏறியாயிற்று என்று நான் கை தட்டினேன்.

“இது ஹைவே. வீதியான, அகலமான ரோடு. இது கணக்கில்லை” என்றாள் அம்மா. நிபந்தனையை அவளே கடுமையாக்கிக்கொண்டாள். “அருவிக்குப் போற ரோடு ஒடுக்கம்னு சொல்றாளே, அங்கே பாக்கலாம்.”

அப்பி அருவி ஏழு கிலோமீட்டர். ஒற்றை வண்டி அகலச் சாலை காப்பித் தோட்டங்களுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. படியிறங்கிப் போனால் பாறை இடுக்கில் வெள்ளையாக ஒரு இரைச்சல், பேசினால் கேட்காது. அங்கே இருபது நிமிடம் நின்றோம். மூன்று பேருக்கும் இறங்கி வந்த சாலையில்தான் நினைவு. இறங்கியதை ஏற வேண்டும்.

பாதி ஏற்றத்தில், வளைவில், எதிரே சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது பஸ்தான். அதன் பின்னால் நான்கு ஜீப்புகள். அதற்கும் பின்வாங்க இடமில்லை. எங்கள் இடப்பக்கம் ஒன்றரை அடி மண், அதற்கப்பால் காப்பிச் செடிகளின் தலைகள். அம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுக் கையால் இடப்பக்கம் காட்டினார்.

“ஓரத்துக்கு ஏறணும்” என்றாள் அம்மா. “எனக்கு அந்த விளிம்பு தெரியலை.”

அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, உடம்பையே திருப்பி, தலையை வெளியே நீட்டிக் கீழே பார்த்தார். “எனக்குத் தெரியறது. நேரே கீழே பாத்தா நன்னாத் தெரியறது. ஒரு முழம் இருக்கு. வா.”

எஞ்சின் குரல் உயர்ந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் முன்னே ஏறியது.

“வா, வா. இன்னும் வரலாம். அரை முழம். போரும், நிறுத்து.”

பஸ் எங்கள் கண்ணாடியை உரசாமல் ஊர்ந்து இறங்கியது. ஜன்னலோர முகங்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒரு பெண்மணி அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஜீப்புகள் போயின. அம்மா மறுபடி கிளப்பினாள், மறுபடியும் அணையவில்லை. மேட்டின் தலையில் சமதளம் வந்ததும் நிறுத்தி, புடவைத் தலைப்பால் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“கணக்குல சேருமா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“அந்த பஸ் டிரைவரைக் கேளு, சொல்லுவான்” என்றார் அப்பா.

ஐந்தாம் நாள் விராஜ்பேட்டை, மாக்கூட்டம் வழியாக மலை இறங்கினோம். காடு இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. சாலையோரம் பெயரில்லாத சிறு அருவிகள் பதினான்கு எண்ணினேன். இரிட்டியில் வெயிலும் மலையாளமும் ஒன்றாகத் திரும்பி வந்தன. இரவு கோழிக்கோடு.

ஆறாம் நாள். திங்கட்கிழமை, காலை 5.00.

வீட்டுக்கு நானூறு கிலோமீட்டர் சொச்சம். நெடுஞ்சாலையை ஆறு வழியாக்கும் வேலை நடக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு மாற்றுப் பாதை, எங்கும் செம்மண் தூசி. மலையில் வளைவுகளுக்கு எண் உண்டு, அடுத்தது எது என்று தெரியும். இங்கே நேற்று இருந்த திருப்பம் இன்று இல்லை. மலையில் எதிரே வருகிறவன் முகம் பார்க்கிறான்; ஆலப்புழை தாண்டினால் ஹாரன்தான் முகம். இருந்தும் மடத்தை நினைக்கும்போது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. அங்கே காலையில் நிரப்பிய தண்ணீரை மாலையில் கொட்டுகிறார்கள். தெருவில் காலையில் போட்ட கோலத்தை ஒன்பது மணிக்குள் ஸ்கூட்டர் சக்கரங்கள் கொண்டுபோகின்றன. இரண்டு இடத்திலும் மறுநாள் யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

கொல்லம் கழிந்து, மாலை 5.25. அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் அப்பாவின் ஃபோன் அடித்தது. நேமத்துக்காரர். அப்பா காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். ஆனால் எங்கள் வண்டி சின்ன வண்டி.

“இல்ல, கொடுக்குன்னில்ல... அய்யோ, விலை போராஞ்ஞிட்டல்ல. இவிடெ ஓடிக்கான் ஆளுண்டு.”

விற்கவில்லை, விலை போதாமல் இல்லை, இங்கே ஓட்ட ஆள் இருக்கிறது என்கிறார். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாரு ஃபோன்ல?” என்றாள் அம்மா. அவளுக்கும் கேட்டிருந்தது.

“ஒண்ணுமில்லை. நீ ரோடைப் பாத்து ஓட்டு.”